டப்பாவில் போட்ட பேச்சு

ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவின் தமிழ் டீச்சருக்கு நிலாவைக் கண்டால் ஆகாது. வானத்து நிலாவைச் சொல்லவில்லை, அது பாட்டுக்கு அது காயட்டும். கட்டுரை நோட்டுகளில் காய்கிற நிலாதான் அவளுக்கு எட்டிக்காய். 'அவள் முகம் நிலவு போல் இருந்தது' என்று எவனாவது எழுதிவிட்டால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

"நிலாவ நல்லாப் பாத்திருக்கியாடா?"

"பாத்திருக்கேன் மிஸ்."

"மூஞ்சி முழுக்கப் பள்ளம் பள்ளமா இருக்கும். உன் கதையில வர்ற பொண்ணுக்கும் அப்படியா?"

மீன் போன்ற கண் என்றால், மீனுக்கு இமை உண்டா, அது தூங்கி யாராவது பார்த்ததுண்டா என்று ஆரம்பிப்பாள். முத்துப் போன்ற பல் என்றால், வகுப்பில் முத்தைப் பார்த்தவர்கள் கை தூக்கச் சொல்வாள். ஒரு பெண் மட்டும் கை தூக்கினாள். அவள் அம்மாவின் கழுத்தில் இருந்ததாம். விசாரித்ததில் அது பிளாஸ்டிக்.

டீச்சருக்கு உவமை மேல் கோபம் இல்லை. அதன் மேல் உயிரையே வைத்திருந்தாள், அதனால் வந்த கோபம் அது. "சொல்றவன் கண்ணால பாத்திருக்கணும். கேக்கறவன் கண்ணுக்குத் தெரியணும். ரெண்டும் இல்லைன்னா அது உவமை இல்ல, ஊசிப்போன பண்டம்" என்பாள். ஊசிப்போனதைப் போடுவதற்காகத்தான் அந்த டப்பா.

பழைய பிஸ்கட் டப்பா, மூடியில் உண்டியல் மாதிரி ஒரு கீறல். தேய்ந்துபோன உவமையோ மரபுத்தொடரோ யார் வாயில், யார் நோட்டில் வந்தாலும் அதை அவரே ஒரு சீட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மடித்து உள்ளே தள்ள வேண்டும். தள்ளும் முன்பு வகுப்பே ஒரே குரலில் "டப்பா!" என்று கத்தும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டுக்கு விளையாட்டு, பழிவாங்கலுக்குப் பழிவாங்கல். நாளாவட்டத்தில் அது அவர்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. கணக்கு சார் ஒரு நாள் வாய் தவறி, "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்று சொல்லிவிட்டார். மொத்த வகுப்பும் "டப்பா!" என்று அலற, மனுஷன் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டார். ஆசிரியர் அறைக்கு வந்து, "உங்க கிளாஸ் எனக்கு ஹார்ட் அட்டாக் வரவெச்சிடும் டீச்சர்" என்று குறைப்பட்டுக்கொண்டார். டீச்சர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு உள்ளுக்குள் பூரித்துப்போனாள்.

பூரிப்பதற்குக் காரணமும் இருந்தது. பிள்ளைகள் சொந்தமாகப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். எப்போதும் கொட்டாவி விடுவதால் 'தூக்கம்' என்று பெயர் வாங்கியவன், 'ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டும் ஏறாத போன் மாதிரி கிடப்பார்' என்று எழுதினான். இன்னொருத்தி, 'ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே மூடிக்கொள்கிற லிஃப்ட் மாதிரி என் அக்கா' என்று எழுதினாள். டீச்சர் இவற்றை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். கேட்காதவர்களுக்கும் காட்டினாள்.

வகுப்பில் ஒருத்தி மட்டும் எதற்கும் மசியவில்லை. அவளுக்கு வகுப்பு வைத்த பெயர் ரேடியோ. காலையில் பள்ளி வாசலில் ஆரம்பித்தால் மாலையில் அதே வாசலில்தான் நிறுத்துவாள். பேசுவது போலவே எழுதுவாள். 'மலை போல நம்பினேன்', 'கண்ணை இமை காப்பது போல', 'தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு'. டப்பாவில் பாதிக்கு மேல் அவளுடைய உருண்டைக் கையெழுத்துதான்.

"எங்கேர்ந்துடி புடிக்கறே இதையெல்லாம்? மொத்த வியாபாரமா?"

"தானா வருது மிஸ். நான் என்ன பண்ணட்டும்?"

தானாக எங்கே வரும்? அவளுடைய அப்பாவிடமிருந்து வந்தது. அவர்தான் பள்ளியின் வேனை ஓட்டினார். பாதிப் பிள்ளைகள் அவர் வேனில் வளர்ந்தவர்கள், எல்லோருக்கும் அவர் வேன் மாமா. ஹாரன் அடிக்க மாட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் குரல் கொடுப்பார். "ஆடி அசைஞ்சு வராரு பாரு மகாராஜா! குடி முழுகிப் போகுது, ஏறுடா!" உள்ளே இடிபடும் சத்தம் கேட்டால், "எள்ளு போட்டா எள்ளு விழாது, இதுல சண்டை வேறயா?" என்பார். பெற்றவர்கள் யாராவது மெதுவாகப் போகச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "ஊரான் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத்தாங்க ஓட்டறேன்."

ஒரு மாலை அவர் வாசலில் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். "என்ன டீச்சர், எம் பொண்ணு உங்க டப்பாவ ஒருத்தியாவே ரொப்பறாளாமே! நான்கூட கற்பூர புத்தின்னு நெனச்சேன்."

"நீங்களும் ஒரு சீட்டு எழுதிப் போட்டுடுங்க," என்றாள் டீச்சர். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதாவது அவளுக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம், கடைசிப் பிள்ளையையும் வீட்டில் இறக்கிவிட்டு வேனைத் தன் வீட்டுத் தெருவில் நிறுத்தியவர், சாவியை எடுக்காமலே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட நேரமில்லை.

மறுநாள் காலை பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பிரின்ஸிபல் மைக்கில் பேசினார். "இது நமக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார். ஒன்பது 'அ' வரிசையில் ஒரு சலசலப்பு. சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அவர்கள் எதை விழுங்குகிறார்கள் என்று டீச்சருக்குத் தெரிந்தது. அந்த நேரத்திலும் அவளுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. நல்ல மனுஷிதான், ஆனால் பெருமைக்கு நேரம் காலம் தெரியாது.

வகுப்புக்கு வந்ததும் பிள்ளைகள் கேட்டார்கள். "மிஸ், அவங்க வீட்டுக்குப் போனா என்ன சொல்லணும்?"

"மனசுல பட்டதச் சொல்லுங்க. யாரோ சொன்னதச் சொல்லாதீங்க."

பிள்ளைகள் மிரண்டுபோனார்கள். மனதில் பட்டதற்கு எங்கே போவது? 'செத்துப்போனார்' என்று சொல்ல வாய் வரவில்லை. 'காலமானார்', 'இயற்கை எய்தினார்' எல்லாம் மங்கல வழக்குப் பாடம் நடத்திய அன்றே டப்பாவுக்குப் போய்விட்டன. போகிற வழியெல்லாம் அவர்கள், "வேன் மாமா... அது..." என்று இழுத்துக்கொண்டே நடந்தார்கள்.

டீச்சரும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டுதான் நடந்தாள். 'அவர் பிரேக் போட்டு ஒரு பிள்ளையோட தலைகூட முன்னால சாஞ்சதில்ல.' நல்ல வாக்கியம். கண்ணால் பார்த்தது. மழை நாட்களில் அந்த வேனில் அவளே போயிருக்கிறாள். மாடிப்படி ஏறும்போது 'பிள்ளையோட' என்பதா 'குழந்தையோட' என்பதா என்று யோசித்தாள். கீழே தெருவில் வேன் நின்றிருந்தது. பின் சீட்டில் யாரோ மறந்துவிட்டுப்போன தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது.

மேலே வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. கூடத்தில் வாடகை நாற்காலிகள், பெண்கள், ஈரத் துணி வாசனை. ரேடியோ சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா எழுந்து வந்து டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சுடுகிற கைகள். அந்தப் பிடியில், படியெல்லாம் சீவிச் செதுக்கிக் கொண்டுவந்த வாக்கியம் எங்கே போனதென்றே தெரியவில்லை. டீச்சரின் வாய் தானாகத் திறந்தது.

"மனசத் தேத்திக்குங்கம்மா. காலம் எல்லாத்தையும் ஆத்தும்."

"டப்பா."

பின்னாலிருந்து வந்தது. சத்தமாக இல்லை. இரண்டு மூன்று குரல்கள் இருக்கும். ஒன்று 'தூக்கம்' என்று பெயர் வாங்கியவனின் குரல். வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. தும்மலை யாராவது வேண்டுமென்றா தும்முகிறார்கள்? வெளியே வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வந்தது வந்ததுதான்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த தங்கையிடம், "பள்ளிக்கூடத்துலேர்ந்து அப்படியே வந்திருக்குங்க, பசிக்குது போல. அலமாரில பிஸ்கட் டப்பா இருக்கு பாரு, எடுத்துக் குடு" என்றாள்.

டப்பா வந்தது. அந்தப் பையனுக்கு முன்னால் அதை நீட்டினார்கள். அவன் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். துக்க வீடு அல்லவா, யாரும் ஏனென்று கேட்கவில்லை. ரேடியோ தலையைத் தூக்கி டீச்சரை ஒரு தரம் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று பள்ளிக்குத் திரும்பியதும் டீச்சர் யாரையும் திட்டவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவாள்? காலியாகிவிட்ட வகுப்பில் தனியாக உட்கார்ந்து, சிவப்பு மைப் பேனாவால் ஒரு சீட்டில் எழுதினாள். 'காலம் எல்லாத்தையும் ஆத்தும்.' கீழே கையெழுத்துப் போட்டு, மடித்து, டப்பாவுக்குள் தள்ளினாள். சட்டம் போட்டவளுக்கும் சட்டம் ஒன்றுதான். பிறகு டப்பாவைக் கொண்டுபோய் ஆசிரியர் அறை பீரோவின் தலையில் வைத்தாள். மறுநாளிலிருந்து வகுப்பில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

வீட்டில் இதைக் கணவரிடம் சொன்னாள். அவர் தண்ணீர் வரி ஆபீஸில் கவுண்டரில் உட்காருகிறவர். நாள் முழுக்க ஊராரின் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர்.

"அதுல என்ன தப்பு? எல்லாரும் சொல்றதுதானே?"

"அதாங்க தப்பு. எல்லாரும் சொல்றது. தேஞ்சுபோனது."

அவர் வாசலில் கிடந்த தன் செருப்பைக் காட்டினார். "இத மாத்து மாத்துங்கறியே, நான் மாத்தறேனா? புதுச் செருப்பு கடிக்கும். துக்க வீட்டுக்கு யாராவது புதுச் செருப்பப் போட்டுக்கிட்டுப் போவாங்களா?"

"உங்க செருப்ப நாளைக்கே குப்பையில போடறேன்," என்றாள் டீச்சர். பதில் தெரியாதபோது அவள் அப்படித்தான் பேசுவாள்.

இரண்டு வாரம் கழித்து ரேடியோ பள்ளிக்கு வந்தாள். ஆனால் ஒன்பது 'அ'வுக்கு வரவில்லை. அம்மாவை அழைத்துவந்து பிரின்ஸிபலிடம் சொல்லி 'ஆ' பிரிவுக்கு மாறிக்கொண்டாள். "காரணம் கேட்டேன், வாயத் தொறக்க மாட்டேங்குது. வேற கிளாஸ் குடுங்கன்னு மட்டும் சொல்லுது" என்றார் பிரின்ஸிபல். வாயைத் திறக்கவில்லை என்றது வெறும் பேச்சுக்கு இல்லை. 'ஆ' பிரிவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேட்டால் தலையாட்டுவாள். கணக்கு சார்கூட, "அந்த வாயா இப்படி அடைஞ்சுபோச்சு?" என்று அங்கலாய்த்தார்.

டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா போன துக்கம் பெரிதுதான், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டது சாவு மட்டும் இல்லை, தானும்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் தன் வகுப்புக்குத் திரும்பாவிட்டால்கூடப் பரவாயில்லை. எந்த வகுப்பிலாவது உட்கார்ந்து பழையபடி வாயடித்தால் போதும். ஜன்னல் பக்கம் போகும்போதெல்லாம் கடைசி பெஞ்சைப் பார்ப்பாள். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடுவாள். எடுத்துப் பார்த்தால் அத்தனையும் தேய்ந்தவை. இவள் நல்ல வார்த்தை கண்டுபிடிப்பதற்குள் அந்தப் பெண் பள்ளியை முடித்துவிட்டே போய்விடுவாள் போலிருந்தது.

ஒரு நாள் மதிய இடைவேளையில் பொறுக்கமாட்டாமல் 'ஆ' பிரிவு வாசலில் போய் நின்று அவளை வெளியே கூப்பிட்டாள்.

"என்ன மன்னிச்சிடும்மா. பசங்க வேணும்னு சொல்லல. தப்பு என்னோடது."

ரேடியோ தரையைப் பார்த்தாள். "தெரியும் மிஸ்."

"எம்மேல கோவமா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்புறம் ஏம்மா கிளாஸ் மாறிட்டே?"

அவள் கதவு நிலையை நகத்தால் சுரண்டினாள். டீச்சர் திரும்பிப் போகலாமா என்று நினைத்தபோது ரேடியோ கேட்டாள்.

"அந்த டப்பாவ என்ன மிஸ் பண்ணீங்க?"

"பீரோ மேல இருக்கு."

"குப்பையில போட்டுடலையே?"

"இல்லம்மா. ஏன்?"

"அதுல இருக்கறது எல்லாம் எங்கப்பா பேசினது மிஸ்." அடைத்துக்கொண்டிருந்தது ஒரேயடியாகத் திறந்துகொண்டது. "போன்ல அவரு போட்டோதான் நெறைய இருக்கு. பேசினது ஒண்ணுகூட இல்ல. அம்மாகிட்ட கேட்டா, நல்லாப் பேசுவாரும்மான்னு சொல்லி அழறாங்க. என்ன பேசுவாருன்னு கேட்டா அவங்களுக்குச் சொல்லத் தெரியல. எனக்கும் ஒண்ணொண்ணா மறந்து மறந்து போகுது மிஸ். நான் எழுதி வெச்சது உங்க டப்பாவுல மட்டும்தான். உங்க கிளாஸ்ல ஒக்காந்தா எனக்குப் பேச்சு வரும். வந்தா அவரு மாதிரிதான் வரும். எல்லாரும் அதுக்கு டப்பான்னு கத்துவாங்களோன்னு..."

டீச்சர் அவளுடைய தோளைப் பிடித்து ஆசிரியர் அறைக்கு அழைத்துப்போனாள்.

அறையில் சாப்பாட்டுச் சத்தம். டீச்சர் நாற்காலி மேல் ஏறி டப்பாவை இறக்கினாள். புடவைத் தலைப்பால் தூசி துடைத்தாள். மூடி இறுகிக் கிடந்தது. கணக்கு சார் ஸ்பூன் காம்பை விட்டு நெம்பித் திறந்து கொடுத்துவிட்டு, தன் டிபன் பாக்ஸுடன் வேறு மேஜைக்குப் போய்விட்டார். சீட்டுகள் மேஜையில் கொட்டின.

ரேடியோ தன் கையெழுத்தைத் தேடித் தேடிப் பிரித்தாள். முதலில் வாய்க்குள் படித்தாள். பிறகு குரல் வந்தது.

"'மலை போல நம்பினேன்.' இது வேன் பாட்டரி செத்தன்னிக்கு மிஸ். மெக்கானிக் வரேன்னுட்டு வரல. அவனத் திட்டவே இல்ல, இத மட்டும் சொல்லிட்டு எங்களையெல்லாம் எறங்கித் தள்ளச் சொன்னாரு." அடுத்ததைப் பிரித்தாள். "'அரக்கப் பரக்க.' இது தெனமும். அம்மா டிபன் கட்றப்ப." அடுத்தது. "'வயித்துல நெருப்பைக் கட்டிக்கொண்டு.' இது..." நிறுத்தினாள். "இது என்னை மொதல் தடவ தனியா பஸ்ல அனுப்பினப்ப. பஸ் பின்னாலயே வேன ஓட்டிக்கிட்டு வந்தாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டாரு."

டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சீட்டையும் ரேடியோ அவர் குரலிலேயே, ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டுகிற அந்தத் தோரணையிலேயே சொன்னாள். 'சொல்றவன் கண்ணால பாத்திருக்கணும்' என்று தான் போட்ட சட்டம் டீச்சருக்கு நினைவு வந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் வேனை ஓட்டிக்கொண்டு போனவர் பார்க்காத நெருப்பா? டீச்சர்தான் நோட்டுக்குள் மட்டும் பார்த்துவிட்டு அதை ஊசிப்போனது என்றாள். வெட்கமாக இருந்தது. அதோடு அவரை நினைத்து அப்போதுதான் முதல்முறையாக அழுகையும் வந்தது.

"நான் அவசரப்பட்டுட்டேன்மா," என்றாள். "இதெல்லாம் உன்னோடது. எடுத்துக்கோ. என் கிளாஸ்ல இனிமே யார் பேச்சையும் டப்பாவுல போட மாட்டேன்."

ரேடியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு சீட்டுகளை அடுக்கினாள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காம்பஸை வெளியே எடுத்துவிட்டு, அதில் இடம் செய்தாள். கடைசியில் மேஜையில் இன்னொரு சீட்டு தனியாகக் கிடந்தது. பிரித்தாள். சிவப்பு மை.

"'காலம் எல்லாத்தையும் ஆத்தும்.'" இரண்டாம் தரம் படித்தாள். "இது எங்கப்பா சொன்னது இல்ல."

"இல்லம்மா. நான் சொன்னது. உங்க வீட்ல."

ரேடியோ அந்தச் சீட்டையும் டீச்சரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று டீச்சர் கையை நீட்டினாள்.

"டப்பா மிஸ்," என்றாள் ரேடியோ. கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள்.

"ஆமாம்மா," என்றாள் டீச்சர். அவளுக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "டப்பாதான். குடு, உள்ள போட்டுடறேன்."

ரேடியோ கொடுக்கவில்லை. சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து, அப்பாவின் சீட்டுகளுக்கு நடுவில் செருகி, ஜாமெட்ரி பாக்ஸை அழுத்தி மூடினாள்.

"இதுவும் இருக்கட்டும் மிஸ்."